விறகு வியாபாரம் தொடங்க முதலில் செயின்ஷா வாங்கலாமா?

கேட்டவர் மியான்மரின் மோன் மாநிலத்தில் தட்டோன் பக்கத்துத் தம்பி. மலேசியாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையில் இருக்கும் பணத்தில் ஒரு செயின்ஷாவும் (பெட்ரோலில் ஓடும் ரம்பம்) ஒரு பழைய டோலாஜியும் (இன்ஜின் பூட்டிய லோடு வண்டி) வாங்கி விறகு வியாபாரத்தில் இறங்கலாமா, வேறு என்ன கருவி வேண்டும் என்பது கேள்வி. நான் அதே மாநிலத்தில் முடோன் பக்கம் ரப்பர் தோட்டங்களை ஒட்டி இதே தொழிலில் இருப்பவன். என்னைக் கேட்டால் இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு தகரக் கொட்டகை போடுங்கள்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். ரப்பர் மரத்தை வெட்டிய அன்று அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 வீசை பச்சை விறகு நன்றாகக் காய்ந்தால் 75 வீசை பக்கம் வந்து நிற்கும். நீங்கள் எடைக்கு வாங்கி அதே விலைக்கு எடைக்கு விற்றால் கால்வாசி முதல் ஆவியாகிப் போயிருக்கும், கூலி தனி. பச்சையாகவே தள்ளிவிடலாம் என்று நினைத்தால், வாங்கியவர் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். ஈர விறகு தன்னிடம் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் சூட்டை வீணாக்கும், சரியாகவும் எரியாது. மிச்சம் புகை. டீக்கடைக்காரருக்குக் காலை நாலரை மணிக்கு அடுப்பு பிடிக்கவில்லை என்றால் அவர் திட்டுவது அடுப்பை அல்ல.

நம் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். மாநிலத் தலைநகர் மோல்மேனில் ஆண்டு சராசரி 4,500 மில்லிமீட்டருக்கு மேல், அதில் பெரும்பங்கு மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் யாரிடமும் காய்ந்த விறகு இருக்காது. இருப்பவர் சொல்வதுதான் விலை. ஆக இந்தத் தொழிலில் சம்பாத்தியம் வெட்டுவதில் இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாங்கி, பிளந்து, காயவைத்து, ஜூலையில் விற்பதில்தான் இருக்கிறது. 2021க்குப் பிறகு கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால், டவுனில் மின்சார அடுப்பை நம்பியிருந்த வீடுகள்கூட விறகுக்கும் கரிக்கும் திரும்பிவிட்டன. கிராக்கிக்குக் குறைவில்லை.

கொட்டகைக்குச் சுவர் வேண்டாம். நான்கு பக்கமும் காற்று நுழைய வேண்டும், மேலே மட்டும் தகரம், மழைச் சாரல் வரும் தென்மேற்குப் பக்கம் கூரையைக் கொஞ்சம் தாழ்த்தி இறக்குங்கள். தரையில் நேராக அடுக்கக் கூடாது. உருப்படாத கட்டை இரண்டை நீளவாட்டில் போட்டு அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் அடுக்கினால் அடியிலும் காற்று ஓடும், கரையானும் உடனே ஏறாது. தார்ப்பாயைப் போட்டு முழுக்க மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வேர்த்து வேர்த்து பூஞ்சணம்தான் பிடிக்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே கறுநீலமாகப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் துளைக்கும். கட்டைக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் உருட்டுக்கட்டையாகப் போட்டு வைக்காமல் வந்த வாரமே பிளந்துவிடுங்கள். பட்டை மூடிய கட்டை உள்ளுக்குள் காய ரொம்பக் காலம் எடுக்கும், பிளந்தது சீக்கிரம் காயும்.

காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் இருந்தால் தொப்பென்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் அடுக்கின் நடுவில் ஒரு துண்டை வைத்து அதன் எடையைச் சுண்ணாம்புக்கட்டியால் அதன்மேலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் விற்கலாம்.

மரம் எங்கே வாங்குவது? ரப்பர் மரத்தில் 25, 30 வருடத்துக்கு மேல் பால் சரியாக வராது, தோட்டக்காரர் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார். பருத்த அடிமரம் அறுப்புமில்லுக்குப் போகும். கிளையும் கோணல்மாணலும்தான் நமக்கு. காண்டிராக்டரிடம் எடைக்குப் பேசாமல் வண்டிக் கணக்கில் பேசுங்கள், அப்போதுதான் தண்ணீருக்குக் காசு கொடுக்காமல் தப்பலாம். புளியமரம் கிடைத்தால் விடாதீர்கள், பிளக்க உயிரை வாங்கும், ஆனால் அதன் கங்கு நின்று எரியும். மாமரம் பரவாயில்லை. முந்திரி மரத்தின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொடுக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். மூங்கிலை முழுசாக விற்காதீர்கள். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும், பிளந்துதான் கொடுக்க வேண்டும். தேக்கு, பியிங்காடோ (இரும்பு மாதிரிக் கடினமான காட்டு மரம்) பக்கம் போகவே வேண்டாம். 1992 வனச் சட்டத்தில் தேக்கு எங்கே நின்றாலும் அரசுக்குச் சொந்தம் என்று இருந்தது. 2018 சட்டம் தோட்டமாக நட்டு வளர்த்ததற்கு வழிவிட்டாலும், வழியில் வண்டியை நிறுத்துகிறவரிடம் நின்று சட்டம் பேச முடியாது. எந்த மரமானாலும் தோட்டக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

இனி கருவி. நல்ல கோடாலி ஒன்று, இரும்பு ஆப்பு இரண்டு, சம்மட்டி ஒன்று, வில் ரம்பம் ஒன்று, தட்டை அரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று. தொடங்க இவ்வளவு போதும்.

கோடாலியைக் கடையில் பளபளவென்று பெயிண்ட் அடித்ததைப் பார்த்து வாங்காதீர்கள். ஊர்க் கொல்லரிடம் பழைய லாரி வில் பட்டையைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். பிளக்க ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ தலை போதும், அதற்கு மேல் போனால் மத்தியானத்துக்குள் தோள் போய்விடும். வாங்கும்போது வாயில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி ஏறினால் இரும்பு இளசு, வாய் மடங்கும். அரம் பிடிக்காமல் வழுக்கினால் இறுக்கம் அதிகம், வாய் சில்லுச் சில்லாக உடையும். கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடிக்க வேண்டும். காம்புக்கு நம் பக்கம் கொய்யாவை நம்பலாம், புளியும் நன்று. நார் நேராக ஓடுகிற கிளையாகப் பார்த்து நிழலில் காயவைத்துச் செதுக்குங்கள். பச்சைக் காம்பைப் போட்டால் காய்ந்து சுருங்கித் தலை ஆடும். ஆடுகிற கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். ஊறி உப்பும்போது நார் நசுங்கிவிடும், காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும். காம்பின் தலையில் மரச்சிம்பு ஒன்றை அடித்து இறுக்குவதுதான் சரி.

ரப்பர் பிளக்கும்போது பால் ஒட்டி வாய் பிசுபிசுக்கும், மண்ணெண்ணெய்த் துணியால் அவ்வப்போது துடைத்துக்கொண்டால் போதும். பெரிய கட்டையை நடுவில் போட்டு அடிப்பது வீண் உழைப்பு. வெட்டுமுகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பாருங்கள், அந்தக் கோட்டில் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். கணு இருந்தால் அது கீழ்ப்பக்கம் இருக்கட்டும். இன்னொரு வழி சொல்கிறேன், முதுகுக்கு நல்லது. அடிமணைக்கட்டையின் மேல் பழைய கார் டயர் ஒன்றை ஆணியடித்து வையுங்கள். கட்டையை டயருக்குள் நிறுத்திச் சுற்றி நடந்து நடந்து அடித்தால் துண்டுகள் எட்டுத்திக்கும் பறக்காமல் உள்ளேயே நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் குனிந்து எழும் வேலை மிச்சம், காலில் விழுவதும் இல்லை. மணைக்கட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும்.

செயின்ஷா கெட்டது என்று சொல்லவில்லை. மாதம் முழுக்க அறுக்க மரம் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். பெட்ரோல், அதில் கலக்கும் டூ‑டி ஆயில், செயின் ஆயில், செயின், அரம் என்று தின்றுகொண்டே இருக்கும். மண்ணை ஒருமுறை தொட்டால் செயின் மொட்டை. செயின் ஓடும் இரும்புப் பட்டையின் மேல்நுனி கட்டையில் பட்டால் மிஷின் முகத்தைப் பார்த்துத் துள்ளும், அதற்குள் நாம் நகர முடியாது. அதோடு நம் நாட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்து பிடிபட்டால் மிஷினும் போகும், மானமும் போகும். பெரிய லோடு வரும் நாளில் மிஷினோடு ஆளையும் கூலிக்குப் பிடியுங்கள். எங்கள் பக்கம் பையன்கள் பாதிப்பேர் தாய்லாந்துக்குப் போய்விட்டதால் ஆள் கிடைப்பது கஷ்டம்தான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டீசல் இன்ஜினில் பெல்ட் மாட்டி வட்ட ரம்பம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே கைலி கட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். பெல்ட் முதலில் பிடிப்பது துணியைத்தான். கால்சட்டை, மூடிய செருப்பு, டெட்டனஸ் ஊசி, இந்த மூன்றும் செலவு என்று நினைக்காதீர்கள். அடுக்கில் கைவிடும் முன் ஒரு கம்பால் தட்டுங்கள், பாம்புக்கும் தேளுக்கும் விறகடுக்கைவிட நல்ல வீடு கிடையாது.

விற்பதற்கு வருவோம். காய்ந்த விறகை எடைக்கு விற்றால் காயவைத்தவனுக்குத்தான் நஷ்டம், எனவே கட்டுக் கணக்கு. ஒரே அளவு இரும்பு வளையம் ஒன்று செய்து, அதற்குள் நிறைய அடுக்கிக் கட்டுங்கள். எந்தக் கட்டு எடுத்தாலும் அளவு ஒன்றாக இருந்தால் பேரம் குறையும். டீக்கடைக்கு ஒரு முழ நீளம், மணிக்கட்டுப் பருமன். மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) காய்ச்சுகிறவர்களுக்கு இன்னும் கனமாக, நின்று எரிய வேண்டும். வீடுகளுக்குப் பற்றவைக்கச் சிம்பு கொஞ்சம் கட்டிலேயே செருகிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். கல்யாணம், அன்னதானம், தபோடுவே மாதத்தில் (தை, மாசி வாக்கில்) பர்மாக்காரர்கள் பெரிய சட்டியில் தமனே என்ற ஒட்டரிசிப் பலகாரம் கிண்டுவது, இதெல்லாம் மொத்த ஆர்டர். கோயில் தீமிதிக்குக் கேட்டால் தனியாகப் பொறுக்கி அனுப்புங்கள். பழைய வீட்டு மரம், வேலிக்கட்டை ஒன்றும் அதில் கலக்கக் கூடாது. மரம் எரிந்துவிடும், அதிலிருக்கும் ஆணி குழியில் பழுக்கக் காய்ந்து கிடக்கும்.

கடன் கொடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது, ஆனால் வாரத்துக்கு மேல் விடாதீர்கள். நம் நாட்டுப் பணமான சாட்டின் மதிப்பு இறங்கும் வேகத்தில் மூன்று மாதம் கழித்து வரும் பணத்தில் அதே வண்டி மரத்தை வாங்க முடியாது. நோட்டில் தொகையை மட்டும் எழுதாமல் எத்தனை கட்டு என்றும் எழுதுங்கள். பாக்கியை அன்றைய விலைக்குக் கேட்க ஒரு பிடி இருக்கும். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

டோலாஜி பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் பருவம் வாடகைக்கே ஓட்டுங்கள். நெல் அறுப்பு முடிந்தால் ஊரில் பாதி டோலாஜி சும்மாதான் நிற்கும், அதே மாதங்களில்தான் நமக்கும் லோடு. மழைக்காலத்தில் டவுனுக்குள் கட்டுக் கட்டாகக் கொடுக்க மூன்று சக்கர பைக் போதும், அதற்கும் தோட்டப் பாதையின் சேற்றில் இறங்க வேண்டிய வேலை இருக்காது, சரக்கு ஏற்கெனவே உங்கள் கொட்டகையில் இருக்குமே.