பத்து வயதுப் பிள்ளைக்கு ஏது பால்யம்? (கேள்வி பதில்)

இருபது வருடத்துக்கு மேலாக, மலேசிய கார்ட்டூனிஸ்ட் லாட் தன் சிறுவயதைப் பற்றி எழுதி வரைந்த 'தி கம்போங் பாய்' புத்தகத்தை நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, வந்த வரிசையிலேயே பதில்.

செந்தூல் ஆசிரியை: சார், என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. தமிழ்ப் பாடவேளையில் அதை வைத்து என்ன செய்வது?

அதுதான் வசதியே, டீச்சர். 1979இல் வந்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படம், எழுத்து கொஞ்சம்தான். படத்தைக் காட்டி நீங்கள் தமிழில் கதை சொல்லுங்கள். அப்புறம் ஒரு பக்கத்தின் எழுத்தைத் தாள் வைத்து மறைத்துவிட்டு, "இந்தப் பையன் இப்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வான்?" என்று கேளுங்கள். "செத்தேன்டா" என்று ஒருத்தன் சொல்வான். அப்படியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் எழுத்துத் தமிழுக்குத் திருத்த உட்கார்ந்தீர்கள் என்றால் அடுத்த கை தூக்காது.

பட்டர்வொர்த், ஒரு தாய்: சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கட்டுரைக்கு உதவுமா?

ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசாங்கச் சோதனையை 2021இல் எடுத்தாயிற்று, ஆனால் நமக்கு அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. சரி, கட்டுரைக்கே வருகிறேன். தன்கதை என்று ஒரு வகை எழுதச் சொல்கிறோம் இல்லையா, 'நான் ஓர் எழுதுகோல்', 'நான் ஒரு மிதிவண்டி'. நான் திருத்திய எழுதுகோல்கள் எல்லாம் ஒரே தொழிற்சாலையில் பிறந்து, ஒரே நல்ல பையன் கையில் சேர்ந்து, கடைசியில் ஒரே குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விட்டன. பேனாவின் கதையை எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன் கதையை எழுதத் தெரியாது, நாம் கேட்டதே இல்லை.

இந்த மாதிரிப் புத்தகத்தில் இரண்டு 'நான்' உண்டு. மாட்டிக்கொண்ட சின்னப் பையன் ஒருத்தன், அதை இப்போது சொல்கிற பெரியவர் ஒருத்தர். லாட்டின் கதையில் பையன் கூட்டாளிகளோடு திருட்டுத்தனமாக மண்ணில் ஈயம் அலசி எடுக்கப் போகிறான். அவனுக்கு அது பெரிய சாதனை, வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பது சொல்கிறவருக்குத் தெரியும், நமக்கும் தெரிந்துவிடுகிறது. சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது, நான் என் கதையைச் சொல்வேன். ஆறு வயதில் முதல்முறை பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறினேன். கப்பல் நகர்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, பட்டர்வொர்த்துதான் எங்களை விட்டுவிட்டு ஓடுகிறது என்று நினைத்து, "அம்மா, வீடு போகுது!" என்று கத்தினேன், பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இதை எழுதிக் கொடுத்து, சின்னவன் பேசும் வரிக்கு நீலம், பெரியவர் பேசும் வரிக்குச் சிவப்பு என்று கோடு போடச் சொல்வேன். சண்டையே வரும். வரட்டும்.

பிறை ஆசிரியர்: பத்து வயதுப் பிள்ளைக்கு ஏது சார் பால்யம்?

அவர்களுக்கு ஐந்து வயது என்பது நமக்கு ஜப்பான்காரன் காலம் மாதிரி, தம்பி. பாலர் பள்ளி முதல் நாள், முதல் பல் விழுந்தது, பாட்டியின் பல்செட்டைப் பார்த்துப் பயந்தது. "மறக்க முடியாத அனுபவம்" என்று மட்டும் தலைப்புக் கொடுக்காதீர்கள், எல்லாரும் லங்காவிக்குச் சுற்றுலா போய்விடுவார்கள். "சின்ன வயதில் தப்பாக நம்பிய ஒன்று" என்று கொடுத்துப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒன்று, தைப்பூசத்துக் காவடியில் இருக்கும் மயிலிறகு ராத்திரியில் மயிலாக மாறிவிடும் என்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் விடியவிடியக் காத்திருந்த பெண்பிள்ளையுடையது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியை: அடி வாங்கியதைச் சிரிப்பாகப் படிக்கலாமா? எனக்கு உறுத்துகிறது.

உறுத்தட்டும், நல்லதுதான். ரோத்தான் (பிரம்படி) கதை என்றால் நம் தலைமுறை மேடையேறிப் பெருமையாகச் சொல்கிறது. பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: "அடி விழுந்த அன்று இவன் சிரித்திருப்பானா?" வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஒரு பையன் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டால் அதைக் கவனியுங்கள், பாடம் முடிந்ததும் தனியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதே ஆசிரியை: சுன்னத்துப் பக்கங்கள்?

தாண்ட வேண்டாம். பெரியவர்களுக்கு விருந்து, பிள்ளைக்கு நடுக்கம். நம் வீட்டுக் காதுகுத்தை நினைவுபடுத்தினால் போதும், கேலி நின்றுவிடும்.

புக்கிட் மெர்தாஜாம், ஒரு தந்தை: என் மகன் எழுதியதில் நான்தான் கோமாளி. சுவரில் வேறு ஒட்டிவிட்டார்கள்.

மன்னிக்கவும் ஐயா, இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். அப்பா குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்ததை ஒரு பிள்ளை பிரமாதமாக எழுதியிருந்தது, நான் யோசிக்காமல் ஒட்டிவிட்டேன். பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த மனிதர் அதன் முன்னால் நின்று முழுக்கப் படித்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிலிருந்து வகுப்பில் இரண்டு விதி: கதையில் அதிகமாக அசடு வழிகிற ஆள் எழுதுகிறவராகத்தான் இருக்க வேண்டும், வீட்டில் காட்டிச் சரி என்று வாங்கி வந்ததைத்தான் ஒட்டுவோம். உங்கள் மகன் எழுதியதை எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள். முடிந்தால் நீங்கள் ஒரு பதில் கதை எழுதிக் கொடுங்கள், அவனைப் பற்றி இல்லை, உங்கள் பத்து வயதைப் பற்றி.

செகம்புட், புது ஆசிரியர்: வாசித்துக் காட்டினேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எங்கே சிரிக்க வேண்டும் என்று முன்னாலேயே சொன்னீர்களா? இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், மெதுவாக இன்னொரு தடவை வாசியுங்கள், படத்தைக் கூடுதல் நேரம் காட்டுங்கள். எனக்கும் ஒரு வகுப்பு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், வீடு போகுது!"