ராத்திரியில் கமறும் நாய்: தொண்டையில் எலும்பா, இருமலா?

தெம்பனிஸ் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பொமரேனியனுக்கு 8 வயது. இரண்டு வாரமாக ராத்திரியில் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் கமறி, கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரை துப்புகிறது. சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ?"

எலும்பு சிக்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரம் இப்படி ஓடாது. முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், தட்டுவரை வந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போகும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இருமல் மாதிரிதான் இருக்கிறது. நாய் இருமி முடிக்கும்போது ஓங்கரித்து நுரைச்சளியைத் துப்புவது சகஜம், அதைத்தான் நிறைய பேர் வாந்தி என்று நினைத்து வயிற்றுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். வாந்தி என்றால் முதலில் உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், வயிறு எக்கி எக்கி இழுக்கும், அப்புறம்தான் ஏதாவது வெளியே வரும்.

பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற குட்டி இனங்களுக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் வயதாக ஆகத் தளர்ந்துபோய், மூச்சு இழுக்கும்போதோ விடும்போதோ குழாய் தட்டையாகிவிடும். அப்போது வாத்து கத்துவதுபோல ஓர் இருமல் வரும். லிஃப்ட்டில் யாரையாவது பார்த்துத் துள்ளினாலோ வாரை இழுத்தாலோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் மதியம் நடந்தாலோ அது கூடும். அதனால் கழுத்துப்பட்டையை இன்றைக்கே கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள். எடை கூடியிருந்தால் அதையும் குறைக்க வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை, அதன் வயதும் இருமல் ராத்திரியில் வருவதும்தான். வயதான சிறிய நாய்களுக்கு இதய வால்வு கசிவது ரொம்பச் சாதாரணம், வீங்கிய இதயம் மூச்சுக்குழாயை அழுத்தினாலும் இதே கமறல் வரும். அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் காட்டத்தான் வேண்டும், இரண்டு வாரம் என்பதே அதிகம். கமறுவதைக் கைப்பேசியில் சத்தத்தோடு படம் எடுத்துக்கொண்டு போங்கள், கிளினிக் மேசையில் ஏற்றியதும் பெரும்பாலான நாய்கள் இருமவே இருமாது.

அண்மையில் விடுதியிலோ முடிவெட்டும் கடையிலோ விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய்களுக்குள் தொற்றும் இருமல் அப்படித்தான் வரும், தடுப்பூசி போட்டிருந்தாலும் வரலாம்.

தரைவீட்டில் பெரிய நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள நாய் திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், வயிறு உப்பி, நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். 24 மணி நேரக் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எந்த நாயாக இருந்தாலும் ஈறு நீலமாகவோ வெளுத்தோ போனால் இதே அவசரம்தான்.

அதுவரை உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், விரலைத் தொண்டைக்குள் விட்டுத் துழாவாதீர்கள். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான இருமல் மருந்தோ பாரசிட்டமாலோ ஒரு சொட்டுகூட வேண்டாம்.