அசென்ஷன் தீவு மணலின் நுண்விலங்குகள்: கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாம் ஒரே தீவைப் பற்றியவை. தென் அட்லாண்டிக்கின் நடுவே எழுந்து நிற்கும் எரிமலைத் தீவு அசென்ஷன். அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பிரேசில் 2,200 கிலோமீட்டருக்கும் மேல்.

கேள்வி: எரிமலைத் தீவின் மணல் கறுப்பாகத்தானே இருக்கும்? படங்களில் வெளிறித் தெரிகிறதே, ஐயா?

பதில்: இரண்டு வகையும் உண்டு. லாங் பீச்சில் கிடப்பது பெரும்பாலும் கிளிஞ்சல் துணுக்குகளும் சுண்ணாம்புப் பாசித் துணுக்குகளும்தான், அதனால் வெளிறிய நிறம். வடகிழக்கு விரிகுடாவில் எரிமலைத் துகள் கலந்து மணல் கருமையாக இருக்கிறது. வெயிலில் அதிகம் சூடேறவும் செய்கிறது. ஆமைக் கூடுகளின் வெப்பத்தை அளந்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: மணலுக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியுமா?

பதில்: பெரும்பாலும் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நழுவி, சுமார் 40 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் தங்கிவிடும் விலங்குகள் இவை. 1942-இல் மாலி மேர் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு 'மெயோபென்தாஸ்' என்று பெயரிட்டார். இன்று 'மெயோஃபானா' என்பதே புழக்கத்தில் அதிகம். உருளைப்புழுக்கள், துடுப்புக்காலிகள் (இறால் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்), நீர்க்கரடிகள் (எட்டுக்கால் நுண்விலங்குகள்), கேஸ்ட்ரோட்ரிக்குகள் (புழு போன்ற நுண்விலங்குகள்) எல்லாம் இதில் அடக்கம். மணல் பரும்படியாக இருந்தால் மணிகளின் இடுக்குகளில் நீரும் ஆக்சிஜனும் தாராளமாக ஓடும். விலங்குகள் அந்த இடுக்குகளிலேயே நெளிந்து வாழும். சேறாக இருந்தால் இடுக்கே இல்லை, துளைத்துத்தான் நகர வேண்டும்.

கேள்வி: அலை அடித்துக்கொண்டு போய்விடாதா?

பதில்: ஒட்டிக்கொள்ளும். கேஸ்ட்ரோட்ரிக்குகளின் உடலில் பசை சுரக்கும் குழாய்கள் உண்டு. கண நேரத்தில் பிடித்து, கண நேரத்தில் விடும். பேட்டிலிபெஸ் என்ற கடல் நீர்க்கரடிக்கு விரல் நுனியில் வட்டத் தட்டுகள். முதன்முறை அதைப் பார்த்தபோது நுண்ணோக்கியை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இவ்வளவு கடல் தாண்டி அவை எப்படி வந்தன?

பதில்: இதற்காகவே இந்தத் தீவை நான் விரும்பிப் படிக்கிறேன். நண்டுக்கும் சங்குக்கும் மிதக்கும் இளம்பருவம் உண்டு. நீரோட்டத்தில் வாரக்கணக்கில் பயணம் செய்யும். மெயோஃபானாவில் பல வகைகளுக்கு அது இல்லை. சில முட்டைகளை மணலிலேயே இடும், குஞ்சும் அங்கேயே வளரும். ஆனாலும் பார்வைக்கு ஒரே மாதிரியானவை கடலின் இரு கரைகளிலும் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் இதை 'மெயோஃபானா முரண்' என்கிறார்கள்.

மிதக்கும் பாசி, மரக்கட்டை ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு வந்திருக்கலாம். பாய்மரக் கப்பல்கள் நிலைப்பாரத்துக்கு ஏற்றிய மணலிலும் வந்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஆமை வழி. ஃபுளோரிடாவில் முட்டையிட வந்த பெருந்தலைக் கடலாமைகளின் ஓட்டைச் சுரண்டிப் பார்த்தபோது ஆயிரக்கணக்கான நுண்விலங்குகள் இருந்தன. அசென்ஷனில் முட்டையிடும் பேராமைகள் பிரேசில் கரையில் மேய்ந்துவிட்டு நீந்தி வருபவை. அவற்றின் முதுகில் பயணிகள் இருப்பார்கள் என்று எண்ண நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு: மரபணுவை ஒப்பிட்டதும், ஒரே இனம் என்று நினைத்தவற்றில் சில வெவ்வேறு இனங்களாகப் பிரிந்துபோயின. ஆகவே முரணின் ஒரு பகுதி நம் கண்ணின் பிழை.

கேள்வி: தீவுக்கே உரியவை உண்டா?

பதில்: அளவில் கொஞ்சம் பெரியவற்றைச் சொல்கிறேன். எரிமலைப் பாறைக் குட்டைகளில் வாழும் இரண்டு சிவப்பு இறால்கள் 1972-இல் விவரிக்கப்பட்டன. ஒன்று புரோகாரிஸ் அசென்ஷனிஸ். அதன் நெருங்கிய உறவினர்கள் ஹவாயிலும் பெர்முடாவிலும்!

கேள்வி: மணலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி, ஐயா?

பதில்: மெக்னீசியம் குளோரைடு கரைசலை ஊற்றி மயக்கி, கலக்கி, மேல்நீரைச் சல்லடையில் வடிக்க வேண்டும். மயக்காமல் வடித்தால் பாதி விலங்குகள் மணலைப் பிடித்தபடியே தங்கிவிடும். உறைந்த கடல்நீரை மணலின் மேல் வைத்து உருகவிடும் முறையும் உண்டு. குளிருக்கும் உப்புக்கும் அஞ்சி அவை கீழே இறங்கும். ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுள்ள ஒற்றைச்செல் உயிரிகளுக்கு ரோஸ் பெங்கால் சாயம்: உள்ளே சிவந்திருந்தால் சேகரித்தபோது உயிரோடு இருந்தது எனக் கொள்வோம், வெறும் ஓடு நிறம் ஏறாது.

கேள்வி: தீவுக்குப் போகும் ஒருவரிடம் ஒரு பை மணல் கேட்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. தீவைச் சூழ்ந்த கடல் 2019 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மாதிரி எடுக்க முறையான அனுமதி வேண்டும். அதோடு, காய்ந்து வரும் பையில் ஓடுகள் மட்டுமே மிஞ்சும், மென்னுடலிகள் வழியிலேயே சிதைந்திருக்கும். உங்களுக்கு எட்டும் கடற்கரையில், அலை விளிம்பிலிருந்து ஒரு குவளை ஈரமணல் எடுத்து அன்றைக்கே பாருங்கள்.