ஓட்டலில் பாத்திரம் கழுவும் மெஷினின் பம்ப் ஒழுகுகிறது. லோக்கல் மோனோபிளாக் (மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்) மாட்டலாமா?

கேட்டவரின் நிலவரம் இது: சைவ ஓட்டல், மேலே தூக்கி மூடும் ஹூட் மெஷின், த்ரீ பேஸ் கரண்ட். கழுவும் பம்ப் அடியில் ஒழுகுகிறது, தட்டும் முன்போலச் சுத்தமாக வருவதில்லை. கம்பெனி பம்ப் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மோட்டார் கடைக்காரரோ, "அதுவும் ஒரு ஹெச்பி, இதுவும் ஒரு ஹெச்பி, மோனோபிளாக்கை மாட்டிவிடலாம்" என்கிறார்.

ஓட்டல் கிச்சன் மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. மோனோபிளாக்கை மாட்ட வேண்டாம். கம்பெனி பம்பையும் இப்போதே வாங்க வேண்டாம்.

ஒழுகுகிறது என்றால் போனது பெரும்பாலும் பம்ப் இல்லை, உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீல், அதாவது சுற்றும் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம். அதைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரப்பர் உப்பிக் கொழகொழவென்று இருந்தால் எண்ணெயின் வேலை. காய்ந்து வெடித்திருந்தால், டேங்கில் தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடியிருக்கலாம். லெவல் சென்சாரைச் சோதியுங்கள். ஒன்றோடொன்று உரசும் முகத்தில் வட்டக் கீறல்கள் இருந்தால், போர் தண்ணீரின் உப்புப் படிவம் உள்ளே போய் அரைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் என்றால் கார்பனும் செராமிக்கும் சேர்ந்த மலிவு சீல் வேண்டாம், இரண்டு முகமும் சிலிக்கான் கார்பைடாகக் கேளுங்கள்.

ரப்பரிலும் கவனம் வேண்டும். உள்ளே ஓடுவது 60 டிகிரிச் சூட்டில் காரத்தன்மை (அல்கலி) உள்ள சோப்புத் தண்ணீர். ஈபிடிஎம் ரப்பர் சூட்டையும் காரத்தையும் தாங்கும், எண்ணெய் ஆகாது. வைட்டான் எண்ணெயைத் தாங்கும், சூடான காரத்தில் தளர்ந்துவிடும். நான் ஈபிடிஎம்தான் போடுவேன். எண்ணெயைத் தட்டிலேயே வழித்து, ஷவரில் அலசிவிட்டு உள்ளே தள்ளச் சொல்வது ஓட்டல்காரர் பொறுப்பு. சீல் மாற்றும்போதே மோட்டார் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங்குக்கும் தண்ணீர் போயிருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள்.

சரி, பம்ப் பாடியே விரிசல் விட்டுவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்றால்? ஹெச்பியைச் சொல்லிக் கேட்காதீர்கள். மாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் உயரத்துக்காகச் செய்தது. 30 மீட்டர் ஏற்றும், ஆனால் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர்தான் தரும். மெஷினுக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை, தண்ணீர் கொட்ட வேண்டும். நிமிடத்துக்கு 300 லிட்டர், 8 மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தை உயரக் கணக்கில் சொல்வது) என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குப் போய்ச்சேர வேண்டிய சக்தி 400 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. பம்ப் அதில் பாதியை வீணாக்கும் என்று எடுத்தால் மோட்டார் சுமார் 800 வாட், கிட்டத்தட்ட ஒரு ஹெச்பி. ஹெச்பி ஒன்றாகவே இருந்தும் வேலை நேரெதிர். மோனோபிளாக்கை மாட்டினால் தண்ணீர் பீய்ச்சும் கைகள் சுழலும், தட்டில் காய்ந்த சாம்பார் அப்படியே இருக்கும்.

நேம் பிளேட்டில் க்யூ மேக்ஸ், ஹெச் மேக்ஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒன்று ஹெட்டே இல்லாதபோது வரும் தண்ணீர், மற்றது தண்ணீரே வராதபோது ஏறும் உயரம். எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் வரைபடமான கர்வைக் கேட்டு வாங்கி, உங்களுக்கு வேண்டிய ஹெட்டில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். அலுமினிய பாடி வேண்டாம், காரத்தில் அரித்துப் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பாலிப்ராப்பிலின் நல்லது. மோட்டாருக்கு ஐபி 55 (தூசியும் தண்ணீர்ப் பீய்ச்சலும் தாங்கும் தரம்) இருக்கட்டும், தரை கழுவும் ஹோஸ் தண்ணீர் எப்படியும் அதன்மேல் படும்.

தட்டு சுத்தமாகாததற்கும் பம்ப்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெட் துளைகளைப் பாருங்கள், கறிவேப்பிலைக் காம்பும் டூத்பிக்கும் அடைத்திருக்கும். யாராவது கையால் பாத்திரம் கழுவும் சோப்பை டேங்கில் ஊற்றியிருந்தால் நுரையில் காற்றை இழுத்து பம்ப் வெறுமனே இரையும். அப்புறம், த்ரீ பேஸ் மோட்டார் திரும்பச் சுற்றுகிறதா என்று பாருங்கள். வயரிங் வேலைக்குப் பிறகு இரண்டு பேஸ் மாறிவிட்டால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் அப்போதும் வரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. அழுத்தம் மட்டும் இருக்காது. பம்பில் உள்ள அம்புக்குறியையும் மோட்டார் ஃபேனையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பழைய அமெரிக்க மெஷினை வாங்கியவர்களுக்கு வேறு வில்லங்கம்: 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், ஹெட் சுமார் 30 சதவீதம் குறையும்.

கடைசி அலசலுக்குத் தனி ரின்ஸ் பம்ப் இருந்தால் அதன் கதை வேறு. அந்தத் தண்ணீர் 82 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஓடும்போது ஒரு பார் அழுத்தமாவது வேண்டும். நான்கு மீட்டர் உயரத்துத் தொட்டி தருவது 0.4 பார்தான், அதனால் அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் தேவைப்படும். அந்த பம்ப் பாய்லருக்கு முன்னால் இருந்தால் அது தொடுவது பச்சைத் தண்ணீர், சாதாரண பம்பே போதும். பாய்லருக்குப் பின்னால் இருந்தால் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. அங்கே சூட்டுக்கென்று செய்த பம்பை, தண்ணீர் தானாகவே இறங்கி வந்து நிரம்பும்படி பாய்லர் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் தண்ணீர் உள்ளேயே ஆவியாகி இம்பெல்லரைப் பொத்தல் பொத்தலாக்கிவிடும்.