ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500-ல் ஹைட்ராலிக் டேப்பெட்டை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

உங்களுடையது 2009-க்குப் பிறகு வந்த யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) என்றும், காலையில் வரும் டிக் டிக் சத்தத்துக்கு யாரோ டேப்பெட் வைக்கணும், அதாவது வால்வை இயக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யணும் என்று சொல்லியிருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். அந்த எஞ்சினில் திருகி வைக்க எதுவும் கிடையாது. அதற்கென்று காசு கொடுத்துவிடாதீர்கள்.

என் 2011 மாடல் வண்டிக்கு வந்த சர்வீஸ் பில்லில் 'டேப்பெட் செட்டிங்' என்று ஒரு வரி இருந்தது. எந்த நட்டைத் திருகினீங்க, காட்டுங்க தம்பி என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "அது உள்ள இருக்குண்ணா" என்றார். நான் விடவில்லை. அப்பாவின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டோடு வளர்ந்தவன் நான். அதில் நிஜமாகவே டேப்பெட் வைக்கணும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கணும். கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கணும். வலது பக்கத்து மூடியைக் கழற்றி, புஷ் ராடின் (டேப்பெட்டின் அசைவை மேலே வால்வு பக்கம் கொண்டுபோகும் கம்பி) அடியில் லாக் நட்டைத் தளர்த்தி வைக்கும்போது ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அப்பா அதைப் பொறுமையாகச் செய்வதைப் பார்த்தவனுக்கு அந்தப் பில் எரிச்சலைத்தான் தரும். கடைசியில் அந்த வரியை நீக்கிக் கொடுத்தார்கள்.

ஹைட்ராலிக் டேப்பெட்டுக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், ஸ்பிரிங், ஒருவழி வால்வு இருக்கும். எஞ்சின் ஆயில் நிரம்பி இடைவெளியைத் தானாகவே எடுத்துவிடும். ராத்திரி நின்ற வண்டியில் ஆயில் வடிந்திருக்கும், அதனால் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி சத்தம் சகஜம். சூடான பிறகும் நிற்கவில்லையா, முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஊற்றியிருப்பது 15டபிள்யூ-50 ரக ஆயில் தானா, ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாச்சு என்றும் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் அடங்காவிட்டால்தான் டேப்பெட்டையே சந்தேகப்படணும். தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-ல் கார் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டருக்கும் (டேப்பெட்டின் இன்னொரு பெயர்) நட் உண்டே என்று யாராவது சொல்லலாம். உண்டு. இடைவெளி போனதும் இன்னும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை இறுக்குவார்கள். நான் சொல்வது இந்த யூசிஇ எஞ்சினுக்கு மட்டும்.

இன்னொரு ஆதங்கம். சைலன்சரை மாற்றித் தெருவையே அதிரவைக்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கைக்குழந்தை இருக்கிற வீடுகளை நினைத்துப் பார்ப்பதே இல்லை. எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் அவர்கள் காதில் எப்படி விழும்?

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மாட்டினால் மட்டும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வால்வை அழுத்தும் ராக்கரை இறுக்கியதும் ஸ்டார்ட்டரை அழுத்த விடாதீர்கள். டேப்பெட்டில் அடைபட்ட ஆயில் மெதுவாக இறங்கி, புஷ் ராடு விரலால் சுழலும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.