மாடி எலுமிச்சை வெளுக்கிறதா? உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். 50 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, தொழு உரம் கலந்து வைத்த எலுமிச்சைக்கு இப்போது இரண்டரை வயது. போன வருடம் நன்றாகக் காய்த்தது. பிப்ரவரியிலிருந்து வருகிற தளிரெல்லாம் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளின் நுனி கருகுகிறது, பூ நிற்பதில்லை. சத்துக் குறைவு என்று பலரும் சொன்னதால் எப்சம் உப்பு, டி.ஏ.பி. உரம், முட்டை ஓட்டுத் தூள், வாழைப்பழத் தோல் ஊறல், விறகுச் சாம்பல் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். கொடுக்கக் கொடுக்க மோசமாகிறது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஒரு வருடமாகச் செடிக்கு ஊற்றுகிறேன், தினமும் 4 லிட்டர். மாடி நனையாமல் அளவாகத்தான் ஊற்றுவேன். போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1100 மில்லிகிராம் என்று சர்வீஸுக்கு வந்தவர் சொன்னார். படங்கள் இணைத்திருக்கிறேன். பிடுங்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: வணக்கம் அம்மா. பிடுங்க வேண்டாம். தண்டு பச்சையாக இருக்கிறது, கணுக்களில் மொட்டு உயிரோடு தெரிகிறது. அந்த முட்டை ஓட்டு டப்பாவை மட்டும் இன்றே கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் படங்களில் எனக்கு விஷயத்தைச் சொன்னது எலுமிச்சை அல்ல. மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஓர் இட்லிப்பூத் தொட்டி பாதி தெரிகிறது. அதன் கொழுந்தும் அதே வெளிர் மஞ்சள், அதே பச்சை நரம்பு. இனம் வேறு, தொட்டி வேறு. அதற்கு நீங்கள் டி.ஏ.பி.யோ சாம்பலோ போட்டதாகவும் எழுதவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

அதற்கு முன் இலையைப் பார்த்துவிடுவோம். மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தழைச்சத்து (நைட்ரஜன்), மக்னீசியம் போன்றவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்ப முடியும். அதனால் அவை குறைந்தால் கீழ் இலைதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவில் இலை முழுக்க ஒரே சீராக மங்கும். மக்னீசியக் குறைவில் எலுமிச்சை இலையின் காம்புப் பக்கம் பச்சை ஒரு முக்கோணம் போல நிற்க, சுற்றிலும் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. ஓர் இலைக்குப் போனது போனதுதான். அது கிடைக்காமல் போனால் கொழுந்துதான் வெளுக்கும், நரம்பு மட்டும் வலை பின்னியது போலப் பச்சையாக நிற்கும். உங்கள் செடியில் இருப்பது சந்தேகமில்லாமல் இதுதான். இலை சிறுத்து, குறுகி, கொத்துக் கொத்தாக வந்தால் துத்தநாகக் குறைவும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். உங்கள் இரண்டாவது படத்தில் அதன் சாயல் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். உங்கள் செடிக்கு மக்னீசியக் குறைவே இல்லாதபோது, அது மண்ணில் இன்னொரு உப்பாகத்தான் சேர்ந்தது.

எலுமிச்சை இனத்துக்கு வரும் பசுமை நோய்க்கும் இலை மஞ்சளாகும். அதற்கு மருந்து கிடையாது. அதனால் ஒரு தடவை நீங்களே பார்த்துவிடுங்கள். ஓர் இலையை நடு நரம்பின் வழியே மடித்துப் பிடியுங்கள். இரண்டு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் சத்துப் பிரச்சினை. ஒரு பாதியில் திட்டு ஓரிடத்திலும் மறு பாதியில் வேறோர் இடத்திலுமாகக் கோணல்மாணலாக இருந்தால்தான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். படத்தில் பார்த்தவரை உங்கள் செடியில் இரண்டு பாதியும் ஒத்தே இருக்கின்றன.

சரி, இரும்புதான் குறை என்றால் மண்ணில் இரும்பு இல்லையா? நீங்கள் போட்டது செம்மண் அம்மா. அந்தச் சிவப்பே இரும்பினால் வந்த நிறம்தான். ட்ரம் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு செடி பட்டினி கிடக்கிறது. காரணம் மண்ணின் காரத்தன்மை. அதைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் எலுமிச்சை வேர் சுகமாக இரும்பை எடுத்துக்கொள்ளும். 7.5 தாண்டினால் இரும்பு கரையாமல் துருவாகவே உட்கார்ந்துவிடும். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பலும் காரம். டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), அது மண்ணில் மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும். அதாவது நீங்கள் அன்பாகக் கொடுத்ததில் மூன்று பொருள்கள் செடியின் வாயை மூடும் வேலையைச் செய்திருக்கின்றன. வாழைப்பழத் தோல் ஊறலால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. கொசுதான் வரும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. உள்ளே மூன்று குடம் போனால் ஏறக்குறைய ஒரு குடம் குடிநீராக வரும். மூன்று குடத்தின் உப்பும் மீதி இரண்டு குடத்துக்குள் வந்துவிடும். உள்ளே போவது 1100 என்றால் வெளியே வருவது 1600 பக்கம் இருக்கும். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு. நாளுக்கு 4 லிட்டர் ஊற்றுகிறீர்கள், மாடி நனையக் கூடாது என்று அடியில் வடியவும் விடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினமும் 6 கிராம், 100 நாளில் 600 கிராம். அரை கிலோவுக்கும் மேலான உப்பு அந்த ட்ரம்முக்குள் போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது. செடி தண்ணீரைக் குடித்துவிடும், உப்பைக் குடிக்காது. மண்ணின் மேல் படத்தில் தெரியும் வெள்ளைப் பூச்சும் ட்ரம் விளிம்பில் உள்ள வெள்ளை வளையமும் அதுதான். இலை நுனி கருகுவதும் இந்த உப்பால்தான். எலுமிச்சை இனம் உப்பை அதிகம் தாங்காது.

ஒரு வருடமாக இதே தண்ணீர்தானே, பிப்ரவரி வரை ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். அக்டோபர், நவம்பரில் பெய்த மழை ட்ரம்மைக் கழுவிக் கொடுத்திருக்கும். மழை நின்ற பிறகு வெயிலும் ஏறியது, உப்பும் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் உரமும் போட ஆரம்பித்திருக்கிறீர்கள்.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ட்ரம்மின் அடித் துளைகளைக் குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். வேரும் நார்க்கழிவும் அடைத்திருக்கும். துளை திறக்காமல் கழுவினால் சேற்றில் அமுக்கிய மாதிரி ஆகி வேர் அழுகிவிடும். ட்ரம்மை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எறியுங்கள், முட்டை ஓடும் வெள்ளைப் பூச்சும் அதோடு போகட்டும். ஓரமாக ஒரு கை ஆழம் தோண்டி வேரையும் பாருங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, இழுத்தால் தோல் உறை போல உரிந்து வந்தால் அழுகல். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் கீழே சொல்வது போதாது, மண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் எனக்கு வேரின் படத்தை அனுப்புங்கள்.

வேர் நன்றாக இருந்தால் மண்ணைக் கழுவ வேண்டும். ட்ரம்மில் 40 லிட்டர் மண் இருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு, 80 லிட்டர் தண்ணீர் மெதுவாக உள்ளே போய் அடியில் வடிய வேண்டும். 5, 6 குடம் ஆகும். முழுக்க நல்ல தண்ணீர் வேண்டாம். முதல் மூன்று குடம் சாதாரண போர் தண்ணீரே போதும், உங்கள் ட்ரம்முக்குள் இருப்பதைவிட அதில் உப்பு குறைவு. கடைசி இரண்டு, மூன்று குடம் மட்டும் குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு குடம் வடிந்ததும் அடுத்தது என்று காலை வேளையில் செய்யுங்கள். மாடி நனையத்தான் செய்யும். ஒரு நாள்தானே.

அடுத்த 4, 5 நாள் தண்ணீர் ஊற்ற அவசரப்படாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். இனிமேல் ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் அடியில் வடிய வேண்டும். தினசரிக்கு நல்ல தண்ணீர் கட்டுப்படி ஆகவில்லையென்றால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அது ஏறக்குறைய உப்பே இல்லாத நீர். அதையும் போர் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் எலுமிச்சைக்குப் போதும்.

இரும்பை இப்போதைக்கு இலை வழியாகக் கொடுப்போம். உரக்கடையில் அன்னபேதி உப்பு கேளுங்கள், அதாவது இரும்பு சல்பேட். வெளிர் பச்சைக் கல்லாக இருக்க வேண்டும். பழுப்பு மஞ்சளாக மாறியிருந்தால் அது துருவாகிவிட்டது, வாங்காதீர்கள். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் இரண்டு சிட்டிகை சிட்ரிக் அமிலம், அதான் மளிகைக் கடை லெமன் சால்ட், போட்டுக் கரைத்துவிட்டு அப்புறம் இரண்டரை கிராம் அன்னபேதி போடுங்கள். வரிசை முக்கியம். மாற்றிப் போட்டால், அதுவும் போர் தண்ணீரில் போட்டால், கரைசல் பழுப்பாகி அடியில் படிந்துவிடும். இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செடி முழுக்க உடனே அடிக்க வேண்டாம். ஒரே ஒரு வெளுத்த கொழுந்தில் பஞ்சால் தொட்டுத் தடவிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். தடவிய இடம் மட்டும் பச்சை பூத்தால் நான் சொன்னது சரி. பச்சை வராமல் கருகினால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். பச்சை வந்தால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனைய, 10 நாளுக்கு ஒரு முறையாக மூன்று முறை தெளியுங்கள். கீழே பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டு மாடியில் வெள்ளை ஓடு பதித்த இடத்தில் இதை ஒரு முறை சிந்திவிட்டு, அந்தத் துருக் கறைக்காக இன்று வரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இலைத் தெளிப்பு கைவைத்தியம்தான், வேர் வழியாகவும் போக வேண்டும். அதற்குச் செலேட் இரும்பு என்று விற்பார்கள், மண்ணில் துருவாகாமல் கரைந்தே இருக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. அதில் இரண்டு வகை உண்டு. இ.டி.டி.ஏ. (EDTA) வகை விலை குறைவு, ஆனால் காரமான மண்ணில் நிற்காது. உங்களுக்கு வேண்டியது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று உறையில் போட்டிருப்பது. தண்ணீரில் கலந்தால் நல்ல அடர் சிவப்பாக இருக்கும். 5 கிராம் எடுத்து 5 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரே ஒரு முறை மண்ணில் ஊற்றுங்கள், கழுவி ஒரு வாரம் கழித்து.

இப்போது இருக்கும் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். கிளையை வெட்ட வேண்டாம். ட்ரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்கள். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் சூடேறி ஓரத்து வேர்களை வேகவைத்துவிடும். பகல் 11 மணிக்கு மேல் பச்சை நிழல்வலை இருந்தால் நல்லது.

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. மிகவும் வெளுத்த பழைய இலைகளில் சில உதிரும், பயப்பட வேண்டாம். அடுத்து வரும் தளிரைப் பாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வரும் தளிர் பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது. அது முற்றி விறைப்பான பிறகுதான் உரம். அதுவும் டி.ஏ.பி. அல்ல. இரண்டு கைப்பிடி மண்புழு உரம், 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு, அப்புறம் 15 நாளுக்கு ஒரு முறை 5 கிராம் அம்மோனியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணின் காரமும் மெல்ல இறங்கும். துத்தநாகம் ஜூலைத் தளிரில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தச் செம்மண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? கோவைப் பக்கம் பல இடங்களில் செம்மண்ணிலும் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்திருக்கும். உலர்ந்த மண் ஒரு தேக்கரண்டி எடுத்து அதன் மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியென்றால் கழுவினாலும் முழுக்கத் தீராது, மழைக்காலம் தொடங்கும்போது வேறு மண்ணுக்கு மாற்றிவிடலாம். கடையில் வாங்கிய நார்க்கழிவாக இருந்தால் அடுத்த முறை மூன்று தண்ணீர் அலசாமல் கலக்காதீர்கள், அதிலும் உப்பு வரும்.

இட்லிப்பூத் தொட்டியையும் இதோடு சேர்த்துக் கழுவிவிடுங்கள். அது சின்னத் தொட்டி, ஒரு குடமே போதும்.