பாட்டியின் கன்று நோட்டுகள்

அன்புள்ள ஐயா,

நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் பல வருடங்களாக வசிக்கிறேன். மனைவி இங்குள்ள ஒரு ரான்ச் குடும்பத்தைச் சேர்ந்தவர். சாண்ட்ஹில்ஸ் மணல்மேடுகளில் அவர்களுக்கு மாட்டுப்பண்ணை இருக்கிறது. மனைவியின் பாட்டி போன மாதம் 92 வயதில் இறந்துவிட்டார். தாத்தா 1975-லேயே போய்விட்டார். நான்கு பிள்ளைகளோடு அதற்குப் பிறகு பண்ணையை நடத்தியது பாட்டிதான்.

மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட எல்லோரும் கூடும்போது அவரைப் பற்றி நான் பேச வேண்டுமாம். நாங்கள் பேசினால் அழுதுவிடுவோம், நீ பேசு என்கிறார் மாமனார். எழுத உட்கார்ந்தால் கடும் உழைப்பாளி, கணவருக்கு உறுதுணையாக இருந்தவர், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவர் என்றுதான் வருகிறது. உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பிலும் இதேதான். பாட்டி அதிகம் பேசமாட்டார். 1949 பனிப்புயலைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வார். ஒரு பெட்டி நிறைய சட்டைப்பை நோட்டுகள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் அவற்றில் மாட்டு எண்களும் தேதிகளும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், நெப்ராஸ்கா

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். 'எண்களும் தேதிகளும்தான்' என்று நீங்கள் ஒதுக்கியதில்தான் உங்கள் பாட்டி இருக்கிறார்.

அவை கன்று நோட்டுகளாக இருக்கவேண்டும். ஈற்றுக் காலத்தில் பண்ணைக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. தாயின் காதுவில்லை எண், ஈன்ற தேதி, காளைக்கன்றா கிடேரியா, தானாக ஈன்றதா இழுத்து எடுத்ததா, தாய் கன்றைச் சேர்த்துக்கொண்டதா என்றெல்லாம் சுருக்கக் குறிகளில் எழுதியிருப்பார்கள். அடுத்தடுத்த வருடங்களின் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் இருந்த எண் மறு வருடம் இல்லையென்றால் அந்த மாடு செத்திருக்கும், அல்லது பாட்டி அதை விற்றிருப்பார். இலையுதிர்காலத்தில் சினை பார்த்து, சினை பிடிக்காததை விற்றுவிடுவது ரான்ச் வழக்கம். சினை பிடித்திருந்தும் விற்றிருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மடி சரியில்லையோ, குணம் சரியில்லையோ, அல்லது புல் போதவில்லையோ. மாமனாரைக் கேளுங்கள், சொல்வார்.

எனக்கு வேலை கொடுத்தால் நான் முதலில் எடுப்பது 2012, 2013 நோட்டுகளை. 2012-இல் நெப்ராஸ்கா கடும் வறட்சியைப் பார்த்தது. அப்போது பாட்டிக்கு எண்பது வயது. சாண்ட்ஹில்ஸ் புல் என்பது மணல்மேட்டின் மேல் விரித்த மெல்லிய போர்வை. மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து அது கிழிந்துவிட்டால் காற்று மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும், மறுபடி புல் பிடிக்க வருடங்கள் ஆகும். அதனால் வறட்சியில் பண்ணைக்காரருக்கு இரண்டே வழி. விலை எகிறிய நேரத்தில் காய்ந்த புல்கட்டுகளை வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தையைக் குறைக்க வேண்டும். பாட்டி எதைச் செய்தார் என்பது அந்த இரண்டு நோட்டுகளில் தெரிந்துவிடும். எத்தனை மாடு என்பதை மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். ரான்ச்காரரிடம் மாட்டு எண்ணிக்கை கேட்பது வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். இத்தனை வருடம் அங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா.

'கடும் உழைப்பாளி' என்பது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்பவர்களுக்கு முதுகு வளைத்த ஒரு உருவம்தான் மனதில் வரும். எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எந்தக் காளையை வாங்குவது, மந்தையை எப்போது அடுத்த மேய்ச்சலுக்கு நகர்த்துவது, வங்கியில் எவ்வளவு கேட்பது என்று 1975 முதல் முடிவெடுத்தவர் அந்தப் படத்தில் இருக்கமாட்டார். உங்கள் பேச்சில் அவர் வரவேண்டும்.

இரங்கல் குறிப்பு எழுதியவரைக் குறை சொல்லவில்லை. அமெரிக்க அரசாங்கமே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே வேளாண் கணக்கெடுப்பில் 1997 வரை ஒரு பண்ணைக்கு ஒரே ஒரு நடத்துநரைத்தான் குறிப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தினாலும் பெரும்பாலும் கணவன் பெயர்தான் போகும். 2002-இல்தான் மூன்று பேர் வரை விவரம் கேட்டார்கள். 2017-இல் நான்கு பேர் வரை என்று ஆக்கி, அன்றாட முடிவு எடுப்பவர்கள் யார் யார் என்றும் விரிவாகக் கேட்டபோது பண்ணை நடத்துபவர்களில் பெண்கள் 36 சதவீதம் என்று வந்தது. அந்தப் பெண்களில் பலர் முன்பும் அங்கேயேதான் இருந்தார்கள், படிவத்தில்தான் அவர்களுக்கு இடமில்லை.

தாத்தா இறந்த வருடத்தைச் சொன்னீர்கள். அது முக்கியம் என்று நினைக்கிறேன். 1975-இல் அமெரிக்க வாரிசுச் சொத்து வரிக்கு விலக்கு 60,000 டாலர். மனைவிக்குப் போகும் சொத்தில் ஒரு பகுதிக்குக் கழிவு உண்டு, அவ்வளவுதான். நிலத்தின் விலையோ அந்தப் பத்தாண்டில் ஏறிக்கொண்டே போனது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. நிலம் இருவர் பெயரில் கூட்டாக இருந்தாலும், இறந்தவர்தான் அதற்கு முழுப் பணமும் போட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நானும் போட்டேன் என்று நிரூபிப்பது விதவையின் பொறுப்பு. இரவெல்லாம் ஈற்றுக் கொட்டிலில் நின்றதும் கணக்கு எழுதியதும் பங்களிப்பாக எளிதில் ஏற்கப்படவில்லை. நெப்ராஸ்காப் பெண்கள் இதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி இயக்கம் நடத்தினார்கள். 1981-இல் கணவன் மனைவிக்கிடையே போகும் சொத்துக்கு வரியே இல்லை என்று சட்டம் மாறியது. உங்கள் பாட்டிக்கு அது ஆறு வருடம் தாமதம்.

ஆகவே கேளுங்கள்: அந்த வரியை எப்படிக் கட்டினார்? நிலத்தில் ஒரு பகுதியை விற்றாரா, கடன் வாங்கினாரா? கடன் என்றால் அடுத்து வந்த 80-களின் வட்டி உயர்வையும் நிலவிலைச் சரிவையும் எப்படித் தாங்கினார்? எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சுழலில் பண்ணையை இழந்தன. இவர்கள் பண்ணை இன்றும் இருக்கிறது, மே மாதம் அங்கே கன்றுக்குச் சூடு போடப் போகிறீர்கள். பேச்சின் நடுப்பகுதி இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். மாடு இன்ன பண்ணையுடையது என்று காட்டும் சூட்டுக்குறி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே அது வாரிசுக்குப் போகும் சொத்து.

பனிப்புயல் கதையைச் சுருக்கமாக வையுங்கள். அதை வந்திருப்பவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். 1949 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கியது, ரயில்கள் பாதியில் நின்றன, மாடுகளுக்கு விமானத்திலிருந்து புல்கட்டுகளைப் போட்டார்கள், ராணுவம் வந்து பாதை வெட்டியது. அப்போது அவருக்குப் பதினாறு பதினேழு வயது இருந்திருக்கும். சரி, ஒரு பத்தி போதும்.

சமையலை விட்டுவிடச் சொல்லமாட்டேன். சூடுபோடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலியில்லாமல் வந்து உதவுகிறார்கள், நாம் அவர்கள் பண்ணைக்குப் போகிறோம். அந்த மொய்க் கணக்கு நிற்பது மதியச் சாப்பாட்டில்தான். காலையில் குதிரைமேல் இருந்துவிட்டு, மதியம் முப்பது பேருக்குப் பரிமாறி, சாயங்காலம் மறுபடி குதிரை ஏறியவர் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

உடம்பு வேலையில் ஒன்றே ஒன்றை எடுத்து விரிவாகச் சொன்னால் போதும். கன்று செத்த தாயிடம் அநாதைக் கன்றைச் சேர்க்கும் வேலையை நான் தேர்ந்தெடுப்பேன். செத்த கன்றின் தோலை உரித்து அநாதைக் கன்றின்மேல் சட்டைபோலக் கட்டிவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்த்துத் தன் கன்றென்று நம்பி மடியில் விடும். சில நாளில் தோலை எடுத்துவிடலாம். நம் ஊரிலும் செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள், பால் கறப்பதற்காக. இங்கே பால் நமக்கு, அங்கே இன்னொரு கன்றுக்கு. பாட்டி இதைச் செய்து நீங்கள் பார்த்திருந்தால், பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்த்தவரைக் கேட்டு, அவர் பெயரோடு சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த மணல்மேடுகள் பவ்னி, லகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் காட்டெருது வேட்டையாடிய நிலம். 1904-இல் கிங்கெய்ட் சட்டம் அங்கே ஒரு குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. உழுது பார்த்துத் தோற்றவர்களின் நிலத்தைப் பண்ணைக்காரர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் பேச முடியாதுதான். ஆனால் 'யாருமில்லாத நிலத்தைப் பண்படுத்திய குடும்பம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அவர் கடுமையானவராக இருந்தால் அதையும் சொல்லலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள், மாமனார் அழுதாலும் பரவாயில்லை. நீளம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கன்றுகள் கத்திக்கொண்டிருக்கும், அடுப்பில் இரும்பு காய்ந்துகொண்டிருக்கும், உங்களை யாரும் அதற்குமேல் நிற்கவிடமாட்டார்கள். அப்புறம், அந்த நோட்டுகளை இப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். பென்சில் எழுத்து உரசி உரசி அழிந்துபோகும். குறிகளைப் படிக்கத் தெரிந்த உங்கள் மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அன்புடன்